குதிரையைக் கடைசியில் தேடுங்கள்: யாழ்ப்பாணத்தில் குதிரைவழிச் சிகிச்சையைத் தொடங்க எண்ணுவோருக்கு

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு உயிருள்ள குதிரையைவிடக் கோயில் குதிரை வாகனமே நன்கு பழக்கமானது. வேட்டைத் திருவிழாவன்று முன்னங்கால்களைத் தூக்கியபடி வீதி வலம் வரும் அந்த மரக்குதிரையைத் தவிர வேறொன்றைக் கண்டிராத பெற்றோரிடம், மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் உடலசைவும் தசைக் கட்டுப்பாடும் குன்றிய நிலை) உள்ள உங்கள் பிள்ளையின் சிகிச்சைக்குக் குதிரையையும் பயன்படுத்தலாம் என்று சொன்னால், சிலர் சிரிப்பார்கள். சிலர் மறுகிழமையே குதிரை என்ன விலை, எங்கே வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த வழிகாட்டி முக்கியமாக இரண்டாம் வகையினருக்காகவே எழுதப்படுகிறது. தகுதியுள்ள சிகிச்சையாளர், பிள்ளையைப் பற்றிய மருத்துவ மதிப்பீடு, பயிற்சி பெற்ற உதவியாட்கள், பொருத்தமான நிலம் ஆகிய நான்கும் அமைந்த பின்னரே குதிரையைத் தேட வேண்டும் என்பதை அவர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால், இதில் நேரக்கூடிய தவறுகளில் பாதி நேராது. மாவிட்டபுரத்துக் கதையில் சோழ இளவரசி கீரிமலையில் நீராடித் தன் குதிரை முகத்தையும் குன்ம நோயையும் ஒருசேரப் போக்கிக்கொண்டாள். நாமோ நோயைத் தணிக்கக் குதிரையை ஊருக்குள் அழைக்கிறோம். ஆகவே சற்று அவதானமாகவே அழைக்க வேண்டும்.

இது எது, எது அல்ல

ஆங்கிலத்தில் இதனை ஹிப்போதெரப்பி என்பர். ஹிப்போஸ் என்பது குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் ஆகிய மூவரில் ஒருவர், தாம் ஏற்கெனவே அளித்துவரும் சிகிச்சைக்குள், பந்தையும் ஊஞ்சலையும் சமநிலைப் பலகையையும் பயன்படுத்துவதுபோலக் குதிரையின் நடையையும் ஒரு கருவியாகப் பயன்படுத்துவதே குதிரைவழிச் சிகிச்சை எனப்படும். பிள்ளை குதிரையை ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை. வேறொருவர் குதிரையை நடத்துகிறார், சிகிச்சையாளர் அந்த நடையை வேண்டியவாறு மாற்றுவிக்கிறார், பிள்ளையின் உடல் அதற்கு ஈடுகொடுக்கிறது. மாற்றுத்திறன் உடையோருக்குக் குதிரையேற்றம் கற்பிப்பது வேறொரு துறை. அதுவும் நல்லதே, ஆனால் அதனை நடத்துபவர் பயிற்றுநர், இதனை நடத்துபவர் சிகிச்சையாளர். கடற்கரையில் பணம் கொடுத்து ஒரு சுற்று ஏற்றி இறக்குவது இரண்டிலும் சேராது.

இத்துறையின் வரலாற்றைச் சொல்லும்போது டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்மணியைத் தவிர்க்க முடியாது. 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் தாக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே செயலிழந்த நிலையில், குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்ட அவர், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் ஆண்களோடு சமமாகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இல் மீண்டும் வென்றார். அவரது வெற்றி மருத்துவ உலகின் கவனத்தைக் குதிரையின் பக்கம் திருப்பியது. 1960களில் ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் இயன்மருத்துவர்கள் இதனை ஒழுங்குபடுத்தத் தொடங்கினர். அமெரிக்காவில் இதற்கெனத் தனிச் சங்கம் 1992இல் அமைந்தது.

நடையில் என்ன இருக்கிறது

மனிதர் நடக்கும்போது இடுப்பு மூன்று விதமாக அசைகிறது: முன்னும் பின்னுமாகச் சாய்கிறது, ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்கிறது, இடமும் வலமுமாகச் சிறிது திரும்புகிறது. குதிரை மெல்ல நடக்கையில் அதன் பின்னங்கால்கள் மாறிமாறித் தரையை உந்துவதால் முதுகும் இதே மூன்று விதமாகவே அசைகிறது. அதன்மேல் கால்களை இருபுறமும் போட்டு இருப்பவரின் இடுப்புக்கு அந்த அசைவு அப்படியே கடத்தப்படுகிறது. ஆகவே இதுவரை ஓரடியும் எடுத்து வைத்திராத பிள்ளையின் இடுப்பும் முள்ளந்தண்டும், நடப்பவருடைய இடுப்பும் முள்ளந்தண்டும் பெறும் அனுபவத்தைப் பெறுகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி என்று கணக்கிட்டாலும், 20 நிமிடத்தில் 2,000 தடவை அந்தப் பிள்ளையின் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிகிச்சை அறையில் பந்தின்மேல் இருத்தி இத்தனை தடவை ஒரே சீராக அசைக்க எந்த இயன்மருத்துவருடைய கைகளாலும் இயலாது. இதற்கு மேலாகக் குதிரையின் உடல் வெப்பம் 38 பாகை செல்சியசை ஒட்டியது, அதாவது நம்முடையதைவிடச் சிறிது கூடியது. இறுகிய தொடைத் தசைகள் அந்த இளஞ்சூட்டில் தளர்வதைக் கையால் தொட்டே அறியலாம்.

சிகிச்சையாளரின் திறமை இந்த அசைவை மாற்றுவிப்பதில்தான் வெளிப்படுகிறது. நடந்துகொண்டிருக்கும் குதிரையை நிறுத்தி மீண்டும் நடத்தினால் பிள்ளையின் உடல் முன்னும் பின்னும் சாயாமல் தடுக்க வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் மாறிமாறி வேலை செய்கின்றன. வட்டமாகவோ எட்டு வடிவிலோ நடத்தினால் உடலின் பக்கத் தசைகளுக்கு வேலை வருகிறது. அடியை நீட்டி நடத்தினால் இடுப்பு கூடுதலாகச் சாய்கிறது. நீண்ட, சீரான, மெதுவான அடி தசை இறுக்கம் உள்ள பிள்ளையைத் தளர்த்தும். குறுகிய, துடிப்பான அடியும் அடிக்கடி வேகம் மாறுவதும் தசைத் தளர்வு உள்ள பிள்ளையை விழிப்படையச் செய்யும். எனவே ஒரு பிள்ளைக்கு நன்மை செய்த குதிரை இன்னொரு பிள்ளைக்குத் தீமை செய்யக்கூடும் என்பதை முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை இருக்கும் திசையும் இதைப் போன்றதே. பின்னோக்கி இருத்திக் குதிரையின் பின்புறத்தில் இரு கைகளையும் ஊன்றச் செய்தால் தோளும் முழங்கையும் பாரம் தாங்கப் பழகும். பக்கவாட்டில் இருத்தினால் சமநிலை மிகக் கடினமாகும், ஆதலால் தொடக்கத்தில் அதைச் செய்யக்கூடாது.

ஆய்வுகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மூளைவாதம் உள்ள 15 பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 8 நிமிடம் குதிரையிலும் மற்றையோர் 8 நிமிடம் அசையாத பீப்பாயிலும் இருத்தப்பட்டனர். குதிரையில் இருந்தவர்களின் முதுகு, இடுப்புப் பகுதித் தசைகளின் இடவலச் சமச்சீர் தெளிவாக முன்னேறியது, பீப்பாயில் இருந்தவர்களிடம் அந்த அளவு மாற்றம் காணப்படவில்லை. கால்களை விரித்து இருத்தல் மட்டும் போதாது, அசைவே மருந்து என்பதை இது நன்றாகக் காட்டுகிறது. ஒட்டிசம் உள்ள பிள்ளைகளிடையே 2015இல் வெளியான 10 வாரப் பெரிய ஆய்வொன்று எரிச்சலும் மிகைத்துடிப்பும் குறைந்ததையும் பேசும் சொற்கள் கூடியதையும் காட்டியது. ஆனால் அது குதிரையேற்றப் பயிற்சி பற்றியது, இங்கே பேசப்படும் சிகிச்சை பற்றியதன்று. பொதுவாகப் பார்த்தால், மூளைவாதம் உள்ள பிள்ளைகளின் உடற்சமநிலை விடயத்தில் சான்றுகள் ஓரளவு நம்பிக்கை தருவன; மற்றவற்றில் ஆய்வுகள் சிறியனவாகவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதனவாகவும் உள்ளன. வைத்தியசாலையில் நடைபெறும் வழக்கமான சிகிச்சையை நிறுத்திவிட்டு இதற்கு வருவது எந்த நிலையிலும் சரியாகாது.

யாரை ஏற்றக்கூடாது

இந்தப் பகுதியை வாசிக்காமல் கடந்து செல்பவர்கள் இந்த வேலையில் இறங்காதிருப்பதே நல்லது. பிள்ளையைப் பார்த்துவரும் மருத்துவரின் எழுத்துமூல அனுமதியின்றி எவரையும் குதிரையில் ஏற்றக்கூடாது. அந்த மருத்துவருக்குக் குதிரைவழிச் சிகிச்சை பற்றித் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ஆகவே "குதிரையில் ஏற்றலாமா?" என்று பொதுப்படையாகக் கேட்காமல், ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே எழுதிக் கேட்கும் படிவம் ஒன்றைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளிற் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். குதிரை திடீரென்று அசைந்தால் அது முண்ணாணை நெருக்கிவிடலாம். நரம்புச் சோதனையும், மருத்துவர் வேண்டினால் கழுத்து எக்ஸ்ரேயும் முடியாமல் இவர்களை ஏற்றவே கூடாது. கட்டுக்குள் வராத வலிப்பு, இடுப்பு மூட்டு நழுவியிருத்தல், கால்களைப் போதிய அளவு விரிக்க முடியாமை, முள்ளந்தண்டுக் கடும் வளைவு, எளிதில் முறியும் எலும்புகள், குருதி உறையாமை, ஆறாத புண், குதிரை மயிருக்கும் தூசுக்கும் ஒவ்வாமை ஆகியன அடுத்து வருவன. மூளைவாதம் உள்ள பிள்ளைகளில் இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவுவது சாதாரணமாக நிகழ்வதாகையால், அண்மையில் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இல்லாமல் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் தாய் எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்ற வேண்டாம்.

வடக்கில் இதைச் செய்பவர்கள் வெளிநாட்டுக் கைநூல்களில் காணாத சில நிலைகளையும் எதிர்கொள்வார்கள். போரின்போது உடலில் புகுந்த ஷெல் துண்டுகள் இன்றும் அகற்றப்படாமல் இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே பலர். துண்டு முள்ளந்தண்டுக்கோ பெரிய குருதிக் குழாய்க்கோ அருகில் இருந்தால் அறுவை மருத்துவரின் கருத்து கட்டாயம் தேவை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர், சேணத்தில் தோல் உரசிப் புண்ணாவதை உணரமாட்டார். ஒவ்வொரு முறையும் இறக்கிய பின்னர் அவரது தோலைப் பார்த்துச் சிவப்பு இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும், ஏற்கெனவே படுக்கைப் புண் இருந்தால் அது முற்றாக ஆறும்வரை ஏற்றக்கூடாது. செயற்கைக் கால் அணிந்தவர்கள் அதைக் கழற்றிவிட்டே ஏறுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. விழும் வேளையில் அது எதிலாவது சிக்கிக்கொண்டால் ஆபத்து. இத்தகையோரை ஏற்க எண்ணினால், வலுவிழந்தோர் புனர்வாழ்வில் நீண்டகால அனுபவமுள்ள யாழ். ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களிற் பணிபுரிவோரிடம் முதலில் ஆலோசனை பெறுவது நல்லது.

ஆட்களும் நிலமும்

ஒரு பிள்ளைக்கு நான்கு பெரியவர்கள் வேண்டும்: சிகிச்சையாளர், குதிரையை நடத்துபவர், இருபுறமும் இரண்டு பக்கத்துணையாளர்கள். குதிரையை நடத்துபவர் குதிரையை மட்டுமே பார்க்க வேண்டும். பிள்ளை அழுதாலும் திரும்பக்கூடாது. பக்கத்துணையாளர்கள் பிள்ளையை மட்டுமே பார்க்க வேண்டும். இந்தப் பிரிவினை எளிதாகத் தோன்றினாலும் நம் ஊரில் இதைக் கடைப்பிடிக்கச் செய்வதுதான் மிகக் கடினம், ஏனெனில் பிள்ளை சிரித்தவுடன் எல்லோரும் பிள்ளையைப் பார்ப்பார்கள், கைத்தொலைபேசியை எடுப்பார்கள். பெற்றோர் வேலிக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை முதல் நாளே பணிவாகவும் உறுதியாகவும் சொல்லிவிடுங்கள்.

பக்கத்துணையாளர் பிள்ளையின் தொடைமேல் தம் முன்கையை மெதுவாக வைத்து நடப்பதே வழமையான பிடி. இடுப்பைப் பிடித்து நிமிர்த்திக்கொண்டே நடந்தால் பிள்ளையின் தசை செய்ய வேண்டிய வேலையைத் துணையாளரின் கை செய்துவிடும். பிறகு குதிரை எதற்கு? கை மாற வேண்டுமானால் குதிரையை நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக மாற வேண்டும். நடக்கும் குதிரையின் அருகே அரை மணி நேரம் கையை உயர்த்திப் பிடித்து நடப்பது இளைஞர்களையே களைப்படையச் செய்யும் வேலை. எனவே தன்னார்வலர்களாகப் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்ப்பவர்கள், முதல் மாதத்தில் ஒருவரை மற்றவர் ஏற்றி இறக்கிப் பழகவும், அவசரமாகப் பிள்ளையைத் தூக்கி இறக்கும் முறையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கவும் ஒதுக்க வேண்டும்.

நிலம் தட்டையாகவும், குளம்பு சற்றே பதியும் அளவுக்கு இறுகிய மணலாகவும் இருப்பது சிறந்தது. மணற்காட்டு மணற்குன்றுகளைப் போன்ற ஆழ்மணலில் குதிரை தடுமாறி நடக்கும், தசைநாண்களும் நோகும். வலிகாமத்தின் சுண்ணக்கல் வெளித்தெரியும் தரையில் குளம்பு சிதையும், விழும் பிள்ளைக்கும் அது கல்தரை. காரைநகர் கசூரினாக் கடற்கரையின் இறுகிய மணல் கண்ணுக்கு ஆசையாக இருந்தாலும், வேலியற்ற வெளியில் சிகிச்சை நடத்தக்கூடாது. முட்கம்பி வேலி குதிரைக்கு ஆகாது. கிடுகு வேலி அழகுதான், ஆனால் கச்சான் காற்றில் ஒரு கிடுகு படபடத்தால் புதிய குதிரை பாய்ந்துவிடும். பலகையோ மூங்கிலோ உகந்தது. பனந்தோப்பு நிழலைப் பார்த்து இடம் தேர்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். தென்னையும் அப்படியே. முகமாலைப் பக்கத்தில் காணி பார்ப்பவர்கள் கண்ணிவெடி முழுமையாக அகற்றப்பட்ட நிலம் என்பதற்கான உறுதியை எழுத்தில் பெறாமல் கால் வைக்க வேண்டாம்.

ஏற்றுமேடை ஒன்று கட்டாயம் தேவை. சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்வான பாதையோடு, பிள்ளையின் இடுப்பு குதிரையின் முதுகு மட்டத்துக்கு வரும்படி அதைக் கட்ட வேண்டும். குதிரையின் மறுபுறத்தில் துணையாளர் நிற்க இன்னொரு சிறு மேடை வேண்டும். விபத்துகள் நேரும் வாய்ப்பு நடக்கும்போது உள்ளதைவிட ஏற்றும்போதும் இறக்கும்போதுமே கூட.

இப்போது குதிரை

நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றி யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் லாயம் கட்டி இனம்பெருக்கி, பின்னர் கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. பெரும்பாலும் மனிதருக்குப் பழகாமல் தீவில் திரிகின்றன. உருவில் சிறியவை, வறட்சிக் காலத்தில் தண்ணீருக்குத் தவிப்பவை. தீவின் ஒரு பகுதி 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவற்றைப் பிடித்துப் பழக்கலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்: அது அவற்றுக்கும் அநியாயம், உங்கள் பிள்ளைக்கும் ஆபத்து. குறிகட்டுவானில் படகேறிப் பார்த்துவிட்டு வாருங்கள், அது போதும். மன்னார்க் கழுதைகளும் சாதுவானவையே. அவற்றைத் தடவுவதும் சீவுவதும் சில பிள்ளைகளுக்கு நன்மை தரும், ஆனால் கழுதையின் முதுகு தரும் அசைவு குதிரையின் நடை தருவதற்கு ஈடாகாது.

உங்களுக்கு வேண்டியது எட்டு வயதைக் கடந்த, மனிதரோடு பல ஆண்டுகள் வேலை செய்த, காயடித்த ஆண் குதிரை அல்லது அமைதியான பெண் குதிரை. உயரம் 13 முதல் 15 கைப்பிடி, அதாவது தோள்மேட்டில் ஏறத்தாழ 132 முதல் 152 சென்ரிமீற்றர். இதற்கு மேலானால் பக்கத்துணையாளரின் கை எட்டாது. நொண்டாமல், இடமும் வலமும் ஒரே அளவாக அடி வைக்க வேண்டும். ஒரு கால் சற்று இழுத்து நடக்கும் குதிரை அந்தக் கோணலையே 2,000 தடவை பிள்ளையின் இடுப்புக்குக் கற்பிக்கும். இதைப் பின்னால் நின்று பார்த்தே அறியலாம்: பின்புறத்தின் இரு மேடுகளும் சமமாக உயர்ந்து தாழ வேண்டும். திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடப்படும் குதிரைகள் ஒலிபெருக்கிக்கும் வெடிக்கும் பழகியவை என்பதால் கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் அவை நடனமாடுவதுபோல் கால் தூக்கிவைக்கப் பழக்கப்பட்டிருந்தால் அந்த நடை நமக்கு உதவாது.

ஏற்றப்படும் மொத்தப் பாரம் குதிரையின் எடையில் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு அது 60 கிலோ, சேண விரிப்பும் பட்டியும் அதற்குள் அடக்கம். சிகிச்சையாளரே பிள்ளையின் பின்னால் ஏறி இருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பாரமும் கூடும், விழுந்தால் இருவரும் சேர்ந்தே விழுவர்.

சேணத்துக்குப் பதிலாகத் தடித்த மென்விரிப்பும், கைப்பிடி வைத்த வயிற்றுப் பட்டியும் போதும். உடற்சூடும் அசைவும் தடையின்றி வந்து சேர அதுவே நல்லது. பிள்ளையை எக்காரணம் கொண்டும் குதிரையோடு கட்டக்கூடாது. தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டில் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், கழுத்தை நிமிர்த்தவே பாடுபடும் பிள்ளையின் தலையில் அதை வைப்பது சிகிச்சையைத் தலைகீழாக்குவதாகும்.

குதிரையைப் பிள்ளையிடம் கொண்டுவருவதற்கு முன்னர், சக்கர நாற்காலி உரசுவதற்கும், பந்து முதுகில் உருள்வதற்கும், திடீர் அலறலுக்கும், மயிரைப் பிடித்து இழுப்பதற்கும் அதைப் பழக்க வேண்டும். தவில் ஒலிக்கும் வெடிக்கும் தனியே பழக்குங்கள்; அப்படிப் பழக்கிய பின்னரும் அயற்கோயிலில் கொடியேறிய நாட்களில் வகுப்பை நிறுத்திவைப்பதே புத்தி. குதிரைக்கும் அதனோடு வேலை செய்யும் எல்லோருக்கும் ஏற்புவலி (டெட்டனஸ்) தடுப்பூசி அவசியம். விலங்குகளுள் குதிரை இந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது. தெருநாய்கள் நடமாடும் ஊரென்பதால் விசர்நாய்க்கடித் தடுப்பூசியையும் மிருக வைத்தியரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலை மறக்கக்கூடாது. சித்திரை முதல் புரட்டாதி வரை காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் ஒரே குதிரையில் ஏற்ற வேண்டாம். காதைப் பின்னால் மடித்தல், வாலை ஓயாமல் வீசுதல், பட்டி கட்டும்போது கடிக்க வருதல் ஆகியன குதிரை சொல்லும் மறுப்பு. அதைக் கேட்காமல் வேலை வாங்கினால் ஒரு நாள் அது வேறு விதமாகச் சொல்லும்.

ஒரு காலையில் நடப்பது

முதல் இரண்டு சந்திப்புகளில் ஏற்றவே வேண்டியதில்லை. பிள்ளை குதிரையைப் பார்க்கட்டும், மணக்கட்டும், தூரிகையால் தடவட்டும். பின்னர் ஏற்றும் நாளில் ஐந்து நிமிடமே போதும். மெல்ல மெல்ல 20 நிமிடத்துக்கும், மிகுந்தால் 30 நிமிடத்துக்கும் கூட்டலாம். பிள்ளையின் கை முட்டியாக இறுகினால், கால்கள் கத்தரிபோல் உள்நோக்கி இழுத்தால், கொட்டாவி தொடர்ந்து வந்தால், தலை தொங்கினால், நேரம் மீதமிருந்தாலும் இறக்கிவிட வேண்டும்.

இயன்மருத்துவர் நடத்தும் நாளில் வேலை பெரும்பாலும் மேலே சொன்ன நடை மாற்றங்களாகவே இருக்கும். தொழில்வழிச் சிகிச்சையாளர் அதே நடையின்மேல் கைகளுக்கு வேலை கொடுப்பார்: வலப்பக்கம் நீட்டப்படும் பனையோலைக் குட்டானிலிருந்து வளையத்தை எடுத்து, உடலின் நடுக்கோட்டைத் தாண்டி இடப்பக்கக் கம்பத்தில் மாட்டுதல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அசையும் இருக்கை, வெளிச்சம், மயிரின் சொரசொரப்பு, மணம் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால், ஒட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு இது அமைதி தரும், சிலருக்குத் திகட்டிவிடும். திகட்டும் பிள்ளைக்கு நேர்க்கோட்டில் சீரான நடை மட்டும் போதும். விளையாட்டுப் பொருட்களை அப்பால் வையுங்கள்.

பேச்சுச் சிகிச்சையே எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. உடல் நிமிர்ந்து நின்றால் மூச்சு ஆழமாகும், தாடை உறுதிப்படும், குரலுக்கு வலு வரும்; இது ஒருபுறம். மறுபுறம், தான் சொல்லும் ஒரு சொல்லுக்கு முன்னூறு கிலோ உயிரினம் கீழ்ப்படிவதைப் பிள்ளை காண்கிறது. இங்கே தமிழ் நமக்குத் துணைநிற்கிறது. "போ" என்ற சொல் உதடுகள் ஒட்டித் திறப்பதால் பிறப்பது; பேசத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் வசப்படும் ஒலிகளில் ஒன்று. ஆகவே குதிரையை நிறுத்திவிட்டு, துணையாளர் எவரும் முந்திக்கொண்டு சொல்லாமல், பத்து விநாடியாவது மௌனமாகக் காத்திருக்க வேண்டும். பிள்ளை "போ" என்றோ, "பூ" என்றோ, வெறும் உதட்டசைவாகவோ வெளிப்படுத்தினால் அந்தக் கணமே குதிரை நடக்க வேண்டும். சற்றுத் தாமதித்தால் காரணமும் காரியமும் பிள்ளையின் மனத்தில் இணையா. "நில்" கடினமானது, தொடக்கத்தில் "நி" என்றாலே நிற்க வேண்டும். பின்னர் "குதிரை போ", அதன் பின்னர் "குதிரை மெல்லப் போ" என்று வாக்கியம் நீளும். பேச்சே வராத பிள்ளைக்குப் படஅட்டை இரண்டைப் பட்டியில் தொங்கவிட்டுத் தொட்டுக் காட்டச் செய்யலாம். அசைவோடு சேர்த்து "ஆ" என்று நீட்டிக் குரல் கொடுக்கச் செய்தால் நடையின் தாளம் குரலில் அதிர்வதைக் கேட்டுப் பிள்ளை சிரிக்கும். மூச்சை நீட்டப் பழக்க இதைவிட இலகுவான வழியை நான் அறியேன். குதிரைக்குப் பழக்கிய கட்டளைச் சொல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், பிள்ளை வரும் முன்னரே அதைத் தமிழுக்கு மாற்றிவிடுங்கள்.

குதிரை கிடைக்காதவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. உருளைத் தலையணையில் கால்களை இருபுறமும் போட்டு இருத்தி, சிகிச்சையாளர் பின்னால் இருந்து மூன்று விதமாகவும் அசைப்பது, நடையின் ஒரு பகுதியையேனும் தரும். "போ", "நில்" விளையாட்டை ஊஞ்சலிலும் முச்சக்கர வண்டிலிலும் ஆடலாம். உதவியாட்களையும் இதிலேயே பழக்கிவிட்டால், குதிரை வரும் நாளில் கற்பதற்குக் குதிரை மட்டுமே மீதமிருக்கும்.

பன்னிரண்டு வாரம் கழித்து

கிழமைக்கு ஒரு முறையோ இரு முறையோ வைத்து, 8 முதல் 12 வாரத்தை ஒரு சுற்றாகக் கொள்வது வழக்கம். சுற்றுத் தொடங்கும் முன்னர், தரையில் காணக்கூடிய ஓர் இலக்கை எழுதிவைக்க வேண்டும்: பாயில் சப்பாணி கட்டி இருந்து, கை ஊன்றாமல், ஒரு கிண்ணம் புட்டைத் தானே உண்ணுதல், அல்லது காலையில் தானாகச் சொல்லும் சொற்களின் எண்ணிக்கை. குதிரையில் எவ்வளவு நேரம் நிமிர்ந்து இருந்தது என்பது இலக்காகாது, ஏனெனில் எந்தப் பிள்ளையும் வீட்டில் குதிரைமேல் இருப்பதில்லை. அதே பாயில், அதே நேரத்தில், அதே கோணத்தில் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் காணொளி எடுத்து, குதிரையோடு தொடர்பில்லாத இன்னொரு சிகிச்சையாளரிடம் எது முதலில் எடுத்தது என்று சொல்லாமல் காட்டுங்கள். அவரால் வித்தியாசம் காண முடியாவிட்டால், பிள்ளை குதிரையை எவ்வளவு விரும்பினாலும், சிகிச்சை என்ற பெயரில் அதைத் தொடரவோ அதற்குக் கட்டணம் வாங்கவோ கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து குதிரைக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகலாம் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வாளியை வேலியோரம் வையுங்கள்.